3,500 கிலோமீட்டர் பாதையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

காட்டுக்குள் போகும் நடைபாதை தானாக நிலைத்திருக்காது. சில வருடம் யாரும் கை வைக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் புதர் நெருங்கும், மரம் குறுக்கே விழும், மழைத் தண்ணீர் அந்தத் தடத்தையே ஓடையாக்கிக்கொள்ளும். அப்புறம் அங்கே ஒரு பாதை இருந்தது என்பது பழைய வரைபடம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில் ஓடும் அப்பலாச்சியன் டிரெயில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நல்ல மழையும் அடர்ந்த காடும் உள்ள நிலம் என்பதால் பாதையை விழுங்கத் தேவையான எல்லாமே அங்கே இருக்கிறது. ஆனாலும் முதல் துண்டு திறந்து நூறு ஆண்டுகள் ஆன பிறகும் அது நடக்கத்தக்க நிலையில் இருக்கிறது. பெரும்பகுதி வேலையைச் செய்வது சம்பள ஊழியர்கள் அல்ல, சுமார் முப்பது உள்ளூர் நடையர் சங்கங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுக்கு 2 லட்சம் மணி நேரத்துக்கு மேல் இதற்காக உழைத்தார்கள்.

இந்த 2 லட்சத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். ஒரு முழுநேர ஊழியர் வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், இது நூறு பேரின் உழைப்பு. அப்படியென்றால் நூறு பேரை வேலைக்கு வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மரம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. புயலுக்கு மறுநாள் காலை 3,500 கிலோமீட்டரில் எந்த வளைவில் என்ன கிடக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்தத் துண்டை அவர் பல வருடமாக அறிந்திருக்கவும் வேண்டும். தன்னார்வலர்களால் கூலி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தப் பக்கத்து ஆளிடம் இருக்கிறது. கூலிக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கனவு ஒருவருடையது, அளவு இன்னொருவருடையது

1921 அக்டோபரில் பென்டன் மெக்கே என்ற வனவியலாளர், கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அப்பலாச்சியன் மலைமுகட்டை ஒட்டி ஒரு நீண்ட பாதை என்பது அதன் மையக் கருத்து. ஆனால் அவர் கேட்டது நடப்பதற்கு ஒரு தடம் மட்டும் அல்ல. வழியெங்கும் முகாம்கள், கூட்டாக உழைத்து வாழும் சிறு குடியிருப்புகள், உணவு விளைவிக்கும் பண்ணைகள், தொழில் நகரங்களின் நெருக்கடியிலிருந்து மக்கள் மூச்சு வாங்க ஒரு மாற்று வாழ்க்கை என்று அது பெரிய திட்டம். அதில் பாதை மட்டும்தான் பிழைத்தது.

முதல் துண்டு 1923 இல் நியூயார்க் மாநிலத்தின் பேர் மவுண்டன் பகுதியில் திறக்கப்பட்டது. 1925 இல் எல்லாச் சங்கங்களையும் இணைக்க ஒரு மாநாட்டு அமைப்பு உருவானது. இன்றைய அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சியின் மூல வடிவம் அதுதான். அதன் பிறகு வேலை சுணங்கியது. பெரிய கனவுகளுக்கு வழக்கமாக நேர்வதுதான்: கூட்டம் போட ஆள் இருந்தது, புதர் வெட்ட ஆள் இல்லை.

அதை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர். 1931 முதல் 1952 வரை அமைப்பின் தலைவர். ஒரு சைக்கிள் சக்கரத்தில் தூரமானியைப் பொருத்தி அதைத் தள்ளிக்கொண்டே மலையேறி, பாதையை அங்குலம் அங்குலமாக அளந்தவர். சங்கம் இல்லாத இடங்களில் சங்கம் தொடங்க வைத்தார், வழிகாட்டி நூல்கள் எழுத வைத்தார், கடிதம் மேல் கடிதம் எழுதி ஆட்களை விரட்டினார். பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மெக்கேவுக்கும் அவருக்கும் 1930களில் பெரிய மோதல் வந்தது. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பகுதியில் மலைமுகட்டின் மீதே ஸ்கைலைன் டிரைவ் என்ற கார் சாலையை அரசு போட்டது. பாதையைப் பல இடங்களில் அது தின்றுவிட்டது. எதிர்த்து நிற்க வேண்டும், முகட்டில் கார் வந்தால் பாதைக்குப் பொருளே இல்லை என்றார் மெக்கே. சாலை வரத்தான் போகிறது, அரசோடு பேசிப் பாதையைப் பக்கத்தில் தள்ளிப் போட்டுவிட்டு மற்ற இடைவெளிகளை முடிப்போம் என்றார் ஏவரி. இருவரும் முறித்துக்கொண்டார்கள். மெக்கே 1935 இல், காட்டுநிலங்களைக் காக்க வில்டர்னஸ் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஏவரி பாதையை முடித்தார். யார் சரி என்று இன்றும் வாதிடலாம். ஆனால் ஏவரி மாதிரி ஒருவர் இல்லாவிட்டால் மெக்கேயின் கட்டுரை நூலகத்தில்தான் கிடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் மாநிலத்தில் ஸ்பால்டிங், சுகர்லோஃப் மலைகளுக்கு இடையே கடைசித் துண்டு இணைந்தது. அந்தக் கடைசிக் கண்ணியை வெட்டியது தன்னார்வலர்கள் அல்ல. பெருமந்த காலத்தில் வேலையில்லா இளைஞர்களுக்கு வேலை தர அரசு அமைத்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் படைதான் வெட்டியது. பல மாநிலங்களில் பாதையின் கணிசமான பகுதிகளிலும் இருப்பிடக் குடில்களிலும் அவர்களின் கை இருக்கிறது. மீதியிலும் பெரும்பாலானது புதிதாக வெட்டியது இல்லை. பழைய மரம்வெட்டிச் சாலைகள், கைவிடப்பட்ட பண்ணை வழிகள், ஏற்கெனவே இருந்த மலைப்பாதைகள் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து, நடுவே உள்ள இடைவெளியை மட்டும் வெட்டி, மரத்தில் பெயிண்ட் அடித்து ஒன்றாக்கினார்கள். 16 வருடத்தில் முடிந்ததற்கு அதுதான் காரணம். அந்த அவசரத்துக்குப் பின்னாளில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

முழுப் பாதை என்ற நிலையும் ஒரு வருடம்தான் நீடித்தது. 1938 செப்டம்பரில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் கணக்கில்லாத மரங்களைச் சாய்த்தது. தெற்கே புளூ ரிட்ஜ் பார்க்வே சாலை வந்து நீண்ட ஒரு பகுதியை இடம்பெயர்த்தது. அப்புறம் உலகப் போர். வெட்ட வேண்டிய கைகள் போர்முனைக்குப் போயின, பெட்ரோலுக்கு ரேஷன், மலைக்குப் போக வழியில்லை. முகப்பிலிருந்து முடிவு வரை தொடர்ச்சியான பாதை மறுபடி வாய்த்தது 1951 இல். இடையில் 1948 இல் எர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் போர்வீரர் ஒரே பருவத்தில் முழுதும் நடந்து முடித்ததாகச் சொன்னபோது, பாதையைப் பராமரித்தவர்களே முதலில் நம்பத் தயங்கினார்கள்.

எதிரி தண்ணீர்

பாதைப் பராமரிப்பு என்றால் புதர் வெட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எளிய வேலை. கத்தரியும் அரிவாளும் இருந்தால் ஒரு நாளில் நல்ல தூரம் போகலாம். உண்மையான சண்டை தண்ணீரோடு.

மலைச் சரிவில் நேர்மேலாக ஏறும் பாதையைப் பாருங்கள். மழைத் தண்ணீர் இறங்க விரும்பும் திசையும் அதுவே. ஆயிரக்கணக்கான பூட்ஸ் மண்ணை இறுக்கி நடுவில் பள்ளமாக்கும், பள்ளத்தில் தண்ணீர் சேரும், சேர்ந்த தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் வேர்களும் உருளும் கற்களும் மட்டும் மிஞ்சும். நடப்பவர்கள் அதைத் தவிர்த்து ஓரமாகப் போவார்கள். ஓரத்துச் செடி மிதிபட்டுச் சாகும், பாதை அகலமாகும், அகன்ற இடமும் அரிக்கும். ஆரம்ப காலப் பாதைகளில், குறிப்பாக வடகிழக்கில், இப்படி நேராக ஏறியவை அதிகம். கண்ணில் பட்ட வழியை இணைத்ததன் விளைவு.

இன்று பாதை போடுபவர்கள் சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் ஏறுவார்கள். அவர்களிடம் ஒரு கைவிதி உண்டு: பாதையின் ஏற்றம், மலையின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 20 சதவீதம் சரிந்தால் பாதை 10 சதவீதத்துக்குள் ஏற வேண்டும். தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து கீழே போகாமல், பாதை வழியாகவே ஓடத் தொடங்கும். மலைமுகத்தை உள்ளே வெட்டி, கெட்டியான அடிமண்ணில் மேடை போலத் தடம் அமைப்பார்கள். வெட்டிய மண்ணை வெளி ஓரத்தில் கொட்டி அதன் மேல் நடக்க விட்டால் அது ஒருநாள் சரிந்துவிடும், அதனால் தூர எறிந்துவிடுவார்கள். அந்த மேடையும் சமமாக இருக்காது. வெளிப்புறம் சுமார் 5 சதவீதம் சாய்ந்திருக்கும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். நடப்பவருக்குத் தெரியாத அளவு சாய்வு, தண்ணீருக்கு அது போதும்.

கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை பாதையைத் தாழ்த்தி மறுபடி உயர்த்துவார்கள். அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியே வழிந்துவிடும். பழைய பாதைகளில் இதற்குப் பதில் மரக்கட்டையோ கல்லோ குறுக்காகப் பதித்திருப்பார்கள். கட்டைக்குப் பின்னால் மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் அதன் மேலேயே ஏறி ஓடும். எனவே ஒரு பாதைக் காப்பாளரின் ஆண்டுப் பணியில் மிக முக்கியமானது, பார்க்கச் சற்றும் வீரமில்லாதது: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இந்த வடிகால்களை ஒவ்வொன்றாகத் தோண்டிச் சுத்தம் செய்வது. ஒரு மணி நேர மண்வெட்டி வேலை, பிற்பாடு ஒரு வாரக் கல் வேலையைத் தவிர்க்கும்.

அந்தக் கல் வேலை எப்படிப்பட்டது என்பதை பேர் மவுண்டனில் பார்க்கலாம். 1923 இல் திறந்த அதே பகுதி. கூட்டம் தாங்காமல் அரித்துப் போனதால் நியூயார்க்-நியூஜெர்சி டிரெயில் கான்ஃபரன்ஸ் என்ற சங்கம் சம்பளக் கைவினைஞர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு பல வருடம் அதை மறுபடி கட்டியது. 2010 இல் திறந்த ஒரு பகுதியில் மட்டும் கையால் செதுக்கிய 800 கிரானைட் படிகள் இருந்தன. ஒரு படிக்கல்லை அசைக்கக் கடப்பாரையோடு மூன்று நான்கு பேர் வேண்டும். பள்ளத்தின் மேலாகக் கம்பிவடம் கட்டி, கைவிசை வின்ச்சால் கல்லைத் தொங்கவிட்டு நகர்த்தும் முறையும் உண்டு. படி ஆடாமல் உட்கார வேண்டும், மேல் படி கீழ்ப் படியின் மீது ஏறி அமர வேண்டும், ஓரத்தில் தண்ணீர் நுழைய இடுக்கு இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க நான்கு பேர் உழைத்து ஒரே ஒரு படி வைத்தால் அது மோசமான நாள் இல்லை.

கருவிகளில் எனக்குப் பிடித்தது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் கொத்து. 1910 இல் வடமேற்கு அமெரிக்காவை எரித்த பெருந்தீயில் தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் அடைத்துப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. வேரை வெட்டவும் மண்ணைக் கொத்தவும் தனித்தனியாக இரண்டு கருவி சுமக்க வேண்டாம். எல்லாவற்றையும் முதுகில் சுமந்து மலையேறுபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அரிப்பைத் தடுக்க எளிய வழியும் இருக்கிறது: ஈரமாக இருக்கும்போது நடக்காமல் இருப்பது. வெர்மான்ட் மாநிலத்தில் 1910 இல் தொடங்கிய கிரீன் மவுண்டன் கிளப், லாங் டிரெயில் என்ற சுமார் 440 கிலோமீட்டர் பாதையைக் காக்கிறது. அப்பலாச்சியன் பாதைக்கும் முந்தியது இது. பனி உருகும் பருவத்தில், மே மாதக் கடைசி வரை, உயரமான சேற்றுப் பாதைகள் பக்கம் வரவேண்டாம் என்று அந்தச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது.

என் துண்டு, உன் துண்டு

ஏற்பாடு எப்படி நடக்கிறது? பாதையைச் சங்கங்களுக்குப் பிரித்திருக்கிறார்கள். சங்கம் தன் பங்கை உறுப்பினர்களுக்குச் சில கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரிக்கிறது. அந்தத் துண்டு அவர் பொறுப்பு. வருடத்தில் சில முறை போய்ப் பார்க்க வேண்டும், வடிகால் தோண்ட வேண்டும், செடி வெட்ட வேண்டும், குறியீடு மங்கினால் பெயிண்ட் அடிக்க வேண்டும், தன்னால் முடியாததைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். 'எல்லோரும் வாருங்கள், பாதையைக் காப்போம்' என்ற அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும். 'அந்த ஓடையிலிருந்து இந்தச் சாலை வரை உங்களுடையது' என்பது இருபது வருடம் தாங்குகிறது. எல்லை சிறியதாகவும் தெளிவாகவும் இருப்பதில்தான் சூட்சுமம்.

குறியீடு என்பது மரத்தில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். கிளைப்பாதைக்கு நீலம். புதியவர்கள் மரத்துக்கு மரம் அடித்துத் தள்ளிவிடுவார்கள். வழி தவறாத அளவு இருந்தால் போதும் என்று பழையவர்கள் கடிந்துகொள்வார்கள். ஐரோப்பாவிலும் இதே உழைப்புதான்: பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளையும் சிவப்புமான பட்டைகளை அடிப்பவர்கள் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். 1888 இல் தொடங்கிய செக் நடையர் சங்கம் அடுத்த ஆண்டே முதல் பாதையைக் குறியிட்டது. அந்த நாட்டின் குறியீடுகளை இன்றும் அதன் உறுப்பினர்கள்தான் புதுப்பிக்கிறார்கள்.

பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் நிலம் யாருடையது? இதுதான் நெடும்பாதைகளின் பலவீனமான இடம். தொடக்கத்தில் அப்பலாச்சியன் பாதையின் பெரும்பகுதி தனியார் நிலத்தில், உரிமையாளரின் வாய்ச்சொல் அனுமதியில் இருந்தது. நிலம் கைமாறினால் அனுமதி போகும், பாதை தார்ச்சாலைக்குத் தள்ளப்படும். 1968 இல் தேசியப் பாதைகள் சட்டம் வந்தது. அப்பலாச்சியனும் மேற்கே பசிபிக் கிரெஸ்ட் பாதையும் அதன் கீழ் முதலில் இடம்பெற்றவை. ஆனால் உண்மையான மாற்றம் 1978 திருத்தத்தில் வந்தது. நிலம் வாங்க 9 கோடி டாலர் வரை அனுமதித்து, சுமார் ஆயிரம் அடி அகலத்துக்கு ஒரு பாதுகாப்புப் பட்டையை உருவாக்கச் சொன்னது. சில இடங்களில் உரிமையாளர் விருப்பத்துக்கு மாறாகவும் நிலம் எடுக்கப்பட்டது, அந்தக் கசப்பு நெடுநாள் இருந்தது.

1984 இல் தேசியப் பூங்கா சேவை, அப்படி வாங்கிய நிலத்தின் அன்றாட நிர்வாகப் பொறுப்பை கன்சர்வன்சியிடம் ஒப்படைத்தது. ஒரு தன்னார்வ அமைப்புக்கு அரசு இவ்வளவு நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது அரிய விஷயம். அதோடு ஒரு புது வேலையும் சேர்ந்தது. எல்லைக் கண்காணிப்பாளர்கள் வரைபடத்தோடு காட்டுக்குள் புகுந்து எல்லைக் கற்களைத் தேடுவார்கள், யாராவது மரம் வெட்டியிருக்கிறார்களா, குப்பை கொட்டியிருக்கிறார்களா, வேலி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதையில் நடப்பவர் இவர்களைப் பார்க்கவே மாட்டார்.

கனடாவின் ஒன்டாரியோவில் 1967 முதல் இருக்கும் புரூஸ் பாதை, சுமார் 900 கிலோமீட்டர், இன்னமும் ஓரளவு பழைய வழியில் ஓடுகிறது. ஒன்பது சங்கங்கள் அதைப் பராமரிக்கின்றன. பல இடங்களில் நிலத்துக்காரர்களின் நல்லெண்ணம்தான் ஆதாரம். எனவே வேலியைத் தாண்ட ஏணிப்படி வைப்பது, நாயைக் கட்டிப் பிடிக்கச் சொல்வது, உரிமையாளரைப் போய்ப் பார்த்துப் பேசுவது எல்லாமே அங்கே பாதைப் பராமரிப்புதான். ஒருவர் மனம் மாறினால் வரைபடம் மாறும். அதனால் அவர்களும் முடிந்தபோதெல்லாம் நிலத்தை வாங்குகிறார்கள்.

இலவசம் இல்லாத இலவசம்

தன்னார்வ உழைப்புக்குச் செலவே இல்லை என்று நினைக்கும் நிர்வாகிகள் எல்லா நாட்டிலும் உண்டு. மோட்டார் ரம்பம் பிடிக்கப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும், அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் 1964 சட்டப்படி வில்டர்னஸ், அதாவது இயற்கை நிலையிலேயே விடப்பட வேண்டியவை, என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் பொதுவாக மோட்டார் கருவியே கூடாது. அங்கே இரண்டு பேர் எதிரெதிர் நின்று இழுக்கும் நீள ரம்பம்தான். இறுக்கத்தில் வளைந்து கிடக்கும் மரத்தைத் தவறான இடத்தில் அறுத்தால் அது ஆளை அடித்துவிடும், எனவே அதற்கும் பயிற்சி. கருவி, ஹெல்மெட், முதலுதவி, போக்குவரத்து, இதையெல்லாம் ஒருங்கிணைக்கச் சம்பளம் வாங்கும் சிலர் என்று எல்லாவற்றுக்கும் பணம் தேவை.

1983 இல் வர்ஜீனியாவில் தொடங்கிய கொன்னராக் குழு இதற்கு நல்ல உதாரணம். தன்னார்வலர்கள் சில நாட்கள் வந்து தங்கி, சங்கங்களால் தனியாக முடிக்க முடியாத பெரிய வேலைகளைச் செய்கிறார்கள். சாப்பாடும் தங்குமிடமும் அமைப்பு தருகிறது. முன்னின்று நடத்துபவருக்குச் சம்பளம் உண்டு.

ஆள் பிரச்சினையும் இருக்கிறது. வாரநாளில் மலைக்குப் போக முடிந்தவர்கள் ஓய்வுபெற்றவர்கள். சங்கங்களில் நரைத்த தலைகள் அதிகம். இளைஞர்கள் நடக்க வருகிறார்கள், துண்டு எடுத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்காக ஊர் விட்டு ஊர் மாறுபவரிடம் இருபது வருடப் பொறுப்பை எப்படிக் கேட்பது? முழுப் பாதையையும் நடந்து முடிப்பதற்குக் கிடைக்கும் புகழில் கால்வாசி கூட வடிகால் தோண்டுபவருக்குக் கிடைப்பதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

சில வேலைகள் தன்னார்வலர் கைக்கு எட்டாதவை. மெய்ன் மாநிலத்தின் கென்னபெக் ஆற்றில் மேலே உள்ள அணை திறந்தால் நீர்மட்டம் திடீரென்று ஏறும். 1985 இல் அதைக் கடந்த ஒருவர் மூழ்கி இறந்த பிறகு, 1987 முதல் படகு வைத்து ஆட்களை அக்கரை சேர்க்கிறார்கள். பாதையின் அதிகாரபூர்வமான வழியே அந்தப் படகுதான். படகுக்குள்ளும் ஒரு வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறது.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலின் புயல் தெற்கு மலைகளைப் புரட்டிப் போட்டபோது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதை மூடப்பட்டது. ஒரே இடத்தில் பத்து இருபது மரங்கள் பின்னிக் கிடந்தன, சரிவுகள் பாதையோடு சேர்ந்து இறங்கியிருந்தன. சங்கத்தாரும் வனத்துறையினரும் ரம்பத்தோடு இறங்கி மாதக்கணக்கில் வழி திறந்தார்கள். ஆனால் டென்னசியில் எர்வின் ஊருக்குப் பக்கத்தில் நோலிசக்கி ஆற்றின் மேல் பாதை கடந்த செஸ்டோவா பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அது சாலைப் பாலம். மறுபடி கட்டுவது அரசின் வேலை. 2025 பருவத்தில் நடக்க வந்தவர்களுக்கு அங்கேயும் படகு வைத்தார்கள்.